கேள்விப் பெட்டி

ஏக்கா, இந்த வண்டி உசிலம்பட்டியில ரொம்ப நேரம் நிக்குமா? இல்ல, சும்மாதான் கேட்டேன். கண்டக்டர்கிட்ட கேட்டதுக்கு, "எறங்கி ஓடுறீங்களா"ன்னு நக்கல் பண்றாரு. ஓடினா சீக்கிரம் போயிரலாம்னா ஓடிருவேன்க்கா, சத்தியமா.

தேனிக்கு. நீங்க? ஆண்டிபட்டியா, சரி. அந்தப் பையை இங்கிட்டுக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். பரவால்ல குடுங்க, என்கிட்ட இருக்கறது இந்த ஒரு பைதான். மெட்ராஸ்ல இருந்து மதுரைக்கு ஃப்ளைட்ல வந்தேன். மாத்துத்துணிகூட எடுக்கல, லேப்டாப்பை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கேன் பாருங்க. கை தானா அதைத்தான் எடுத்துச்சு. ஆகாசத்துல வந்தது என்னமோ பட்டுனு வந்துருச்சு. ஆரப்பாளையத்துல பஸ் ஏறி இந்தச் செக்கானூரணியைத் தாண்டறதுக்குள்ள உசிரு போகுது.

எங்க அண்ணன்க்கா. சௌந்தரபாண்டின்னு பேரு, போடியில ஏலக்காய்க் கடையில கணக்கு எழுதிட்டிருந்தாரு. இப்ப தேனி ஆஸ்பத்திரியில ஐசியூல கெடக்காரு. நுரையீரல்ல தண்ணி ஏறிருச்சாம். மூச்சு விட முடியாம ராத்திரி தூக்கிட்டு ஓடிருக்காங்க. அவருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துக்கு மூணு தடவை மிஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். ஒரு தடவை விட்டாலே உடம்பு ஊதிப்போகும். அவருக்கு ஒரு வாரமே விட்டுப்போச்சு.

எப்படி விடுவாங்கன்னு நீங்க கேக்கறீங்க. நானும் அதைத்தான் கேக்கறேன். ஆஸ்பத்திரிக்காரங்க மேலதான் தப்பு. நூறு தடவை சொல்லுவேன், அவங்க மேலதான் தப்பு.

என் வேலையைச் சொன்னாத்தான் உங்களுக்கு இது புரியும். போன்ல நெட்டுப் பாக்க ஒண்ணைத் தொடுவீங்கல்ல? அதுக்குப் பேரு பிரவுசர். எங்க கம்பெனி அந்த மாதிரி ஒரு பிரவுசர் பண்றோம். உலகம் பூரா ஓடுற பெரிய கம்பெனி எல்லாம் இல்ல, சின்னதுதான். அதுல பழசாப்போன சங்கதிகளை எடுக்கறது என் பொறுப்பு. ஆமாக்கா, எடுக்கறதுக்கும் ஆள் வேணும். புதுசா ஒண்ணைச் சேக்கறது யாரு வேணா செய்வாங்க. ஓடற வண்டியில இருந்து ஒரு பாகத்தை, வண்டி நிக்காமக் கழட்டணும், அதுதான் கஷ்டம்.

நான் இப்பக் கழட்டிட்டிருந்தது கேள்விப் பெட்டி. பேரு இங்கிலீஷ்ல வேற, நான் அப்படித்தான் சொல்லுவேன். ஏதாவது பக்கத்தைப் பாத்துட்டிருக்கும்போது நடுவுல ஒரு சின்னப் பெட்டி வந்து, 'செய்யலாமா? ஆம், இல்லை'ன்னு கேக்கும் பாருங்க. நீங்க பதில் சொல்ற வரைக்கும் பின்னால எதுவும் நகராது. எல்லாம் அப்படியே நின்னுபோகும். இருபது வருஷத்துப் பழசு அது. திருட்டுப் பயலுக எல்லாம் அதை வெச்சுத்தான் ஏமாத்தறானுக. 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு'ன்னு பெட்டி வரும், மூடினா திரும்ப வரும், மூடினா திரும்ப வரும். வயசானவங்க பயந்துபோயி ஆம்னு அமுக்கிடுவாங்க. அதை எடுக்கறது நல்ல காரியம்தானேக்கா? சொல்லுங்க, நல்ல காரியம்தானே?

படக்குனு புடுங்கல. மூணு வருஷத் திட்டம், நான் போட்டது. முதல்ல எச்சரிக்கை. அந்தப் பெட்டியை எந்த வெப்சைட் கூப்பிட்டாலும், 'இது சீக்கிரம் போகப்போகுது, மாத்திக்கோங்க'ன்னு எழுதிக் காட்டுவோம். எங்கயா? பக்கத்துக்குப் பின்னால ஒரு இடம் இருக்கு, புரோகிராம் எழுதறவங்க மட்டும் தெறந்து பாக்கற இடம். எல்லாருக்கும் காட்டினா பயந்துருவாங்கல்ல. மூணு வருஷமா சிவப்பு எழுத்துல எழுதிக் காட்டினோம்க்கா. அண்ணன் போற ஆஸ்பத்திரி வெப்சைட்டை யாரோ ஒரு காலேஜ் பையன் எழுதிக் குடுத்துட்டு வெளிநாடு போயிட்டானாம். அவனுக்கப்புறம் அந்த இடத்தை ஒருத்தரும் தெறந்து பாக்கல. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?

அடுத்து, கொஞ்சம் பேருக்கு மட்டும் எடுத்துப் பாக்கறது. முன்னோட்டக் குழுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். புதுப் பதிப்பு அவங்களுக்குத்தான் முதல்ல போகும். புகார் வரலைன்னா அடுத்து இன்னும் கொஞ்சம் பேரு, அப்புறம் எல்லாருக்கும்.

இதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. பெட்டியை எடுத்துட்டோம், ஆனா வெப்சைட்டுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு 'ஆமா, இல்லை சொல்லு'ன்னு கேக்கும். அதுக்கு என்ன பதில் குடுக்கறது? இதுக்கு எங்க ஆபீஸ்ல பெரிய சண்டை. ரெஜினான்னு ஒருத்தி, நாகர்கோவில்காரி, என் கீழ வேலை பாக்கறா. அவ ஒத்தக்கால்ல நின்னா. "மேடம், கேக்க முடியலைன்னா கேக்க முடியலைன்னு சொல்லணும். இல்லைன்னு சொன்னா அது பொய்யில்லையா?"ன்னா. அவ சொல்றபடி செஞ்சா அந்தப் பக்கம் அப்படியே உடைஞ்சு நிக்கும்க்கா. ஆயிரம் பேரு கத்துவாங்க. நான்தான் முடிவு பண்ணேன், 'இல்லை'ன்னு வெச்சுருவோம்னு. அதுதானே பாதுகாப்பு? பணம் அனுப்பலாமான்னு கேட்டா, பதில் வரலைன்னா அனுப்பாம இருக்கறதுதானே நல்லது? அழிச்சிரலாமான்னு கேட்டா, அழிக்காம விடறதுதானே நல்லது? நம்ம ஊர்ல மௌனம் சம்மதம்பாங்க. எங்க தொழில்ல மௌனம்னா இல்லைதான்.

ரெஜினா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டா. நல்ல பொண்ணுதான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி.

என்ன இது, இவன் ஏன் டீக்கடைகிட்ட நிறுத்தறான்? அண்ணே, ஆள் ஏறலைல்ல, எடுங்கண்ணே! சீரியஸ் கேஸுண்ணே! பாருங்க, காதுல வாங்கறானான்னு.

ஆங், ஆஸ்பத்திரி. அங்க இலவசமாப் பண்றதால கூட்டம் நெரியும். அதனால ஞாயித்துக்கிழமையானா வெப்சைட்ல போயி அந்த வாரத்துக்குச் சொல்லி வெக்கணும். நம்ம பேரை அமுக்கினா, பெட்டி வரும். 'இந்த வாரம் வருவீர்களா? ஆம், இல்லை.' ஆம்னா மிஷின் நமக்கு. இல்லைன்னா காத்திருக்கற அடுத்த ஆளுக்குப் போயிரும்.

ஆமாக்கா. நீங்க நினைக்கறது சரிதான்.

அண்ணன் வீட்டுக்கு லேப்டாப் வாங்கிக் குடுத்ததே நான்தான். நானே உக்காந்து எங்க பிரவுசரைப் போட்டுக் குடுத்து, முன்னோட்டக் குழுவுலயும் சேத்து விட்டேன். புதுசா எது வந்தாலும் நம்ம வீட்டு ஆளுக்கு முதல்ல வரட்டுமேன்னுதான். எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. ரெஜினா அவங்க அப்பாவுக்கு, இன்னொருத்தன் அவன் மாமியாருக்கு. நல்லதைத்தானேக்கா வீட்டுக்காரங்களுக்கு முதல்ல குடுப்போம்?

அண்ணன் அந்த ஞாயித்துக்கிழமை பேரை அமுக்கியிருக்காரு. பெட்டி வரல. 'நன்றி'ன்னு மட்டும் வந்திருக்கு. சரி, மாத்திட்டாங்க போலன்னு மூடி வெச்சிட்டாரு. மறுநாள் போடியில இருந்து பஸ் ஏறிப் போனா, "நீங்கதான் வரலைன்னு போட்டிருக்கீங்களே ஐயா"ன்னு அந்த டெக்னீஷியன் சொல்லியிருக்கான். மிஷின்ல வேற ஆளு படுத்திருக்காரு. அந்த வாரம் பூரா வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. நடுவுல எடம் காலியான்னு போயிப் போயி உக்காந்து பாத்திருக்காங்க. கெடைக்கல.

கேளுங்க, அதுக்கு மேல ஒரு கூத்து. எங்க மதினி இருக்காங்களே, பஞ்சவர்ணம்னு பேரு, அவங்க இதை நம்பிட்டாங்க. அண்ணன் போன மாசம் ஒருநாள் ஊசி குத்தற எடத்துல வலி தாங்காம, "போதும்டி, விட்ரு என்னை"ன்னு சொல்லியிருக்காரு. அதை மனசுல வெச்சிக்கிட்டு, "வேணும்னுதானே இல்லைன்னு அமுக்குனீங்க? என்னை அத்துவிட்டுட்டுப் போகத்தானே அமுக்குனீங்க?"ன்னு ஒரே அழுகை. அவரு, "பெட்டியே வரலடி"ன்னு சொல்லியிருக்காரு. அவங்க நம்பல. நடுவீட்டுல சூடத்தை ஏத்தி, "இதை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க"ன்னுட்டாங்க. அவரு உள்ளங்கையை வெச்சு அணைச்சாரு. அப்பவும் நம்பல. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. உடம்பு வீங்கிக்கிட்டே போயிருக்கு, வீட்டுக்குள்ள ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம இருந்திருக்காங்க.

நான் அவங்களுக்கு இன்னும் சொல்லல. எப்படிக்கா போன்ல சொல்றது? நேர்ல பக்குவமாச் சொல்லணும்.

என்கிட்ட முன்னாடியே சொன்னாங்களான்னா... மதினி போன் பண்ணாங்க, இல்லைன்னு சொல்லல. நான் மீட்டிங்ல இருந்தேன். இந்தத் திட்டத்துக்கான மீட்டிங்தான், அடுத்த கட்டத்துக்குப் போலாமா வேணாமான்னு. "தமயந்தி, கம்ப்யூட்டர்ல ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சாங்க. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மதினி, அப்புறம் கூப்பிடறேன்"னு வெச்சிட்டேன். வெச்சிட்டு உள்ள போயி, "முன்னோட்டக் குழுவுல இருந்து ஒரு புகார்கூட இல்ல"ன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. எங்க மேனேஜர் கேசவமூர்த்தி எந்திரிச்சு நின்னு தட்டினாரு.

ஏன், அதுல என்ன பொய் இருக்கு? வீட்டு ஆளு போன் பண்றது புகார்ல சேருமா? புகார் சொல்றதுக்குன்னு ஒரு எடம் இருக்கு, அங்க வந்து எழுதணும். அழுத பிள்ளைக்குத்தான் பால். வாயைத் தெறந்து கேக்காதவங்களுக்கு யாரு என்ன செய்ய முடியும்?

மன்னிச்சுக்கோங்கக்கா, சத்தமாப் பேசிட்டேன். ராத்திரியில இருந்து தூங்கல. கண்ணை மூடினா அவரு மூச்சு வாங்கற சத்தம்தான் கேக்குது. மதினி போனைப் பக்கத்துல வெச்சுக் கேக்க விட்டாங்க. கர், கர்னு. பாத்திரத்துல தண்ணி கொதிக்கற மாதிரி. எங்கப்பா போனதுக்கப்புறம் எனக்கு அப்பா அவருதான். பன்னெண்டாவது பரீட்சைக்கு முன்னாடி எனக்கு அம்மை போட்டிருச்சு. ரூமுக்குள்ள தனியாப் படுக்க வெச்சுட்டாங்க, புஸ்தகத்தைக் கண்ணால பாக்க முடியல. கதவுக்கு வெளிய உக்காந்து பாடம் பூராவையும் அவரு சத்தமா வாசிச்சாரு. கெமிஸ்ட்ரியெல்லாம் அவருக்கு ஒரு எழவும் புரியாது. வாசிச்சுக்கிட்டே இருந்தாரு. அந்த மனுசனுக்கு மூச்சு வரலைங்கறாங்கக்கா. என்னால முடியல.

அழுகலைக்கா. தண்ணி இருக்கு, வேணாம்.

எல்லாருக்கும் பெட்டியை எடுக்கறது இன்னைக்கு. இன்னைக்குக் காலைல ஆரம்பிச்சிருக்கணும். நான் ஏர்போர்ட்ல உக்காந்து லேப்டாப்பைத் தெறந்து, நிறுத்திட்டேன். முன்னோட்டக் குழுவுக்கும் பழையபடி பெட்டி வர்ற மாதிரி திருப்பிப் போட்டுட்டேன். ஒரே ஒரு அமுக்கு, மூணு வருஷ வேலை. கேசவமூர்த்தி போன்ல கத்தறாரு, "யாரைக் கேட்டு நிறுத்தின? ஒரு புகார்கூட இல்லைன்னு நீதானே சொன்ன?"ன்னு. "ஒரு புகார் வந்திருக்கு சார்"னு சொல்லிட்டு வெச்சிட்டேன். வேலை இருக்குமோ போகுமோ, தெரியல. போனாப் போகட்டும். எங்க அண்ணனுக்காக நான் இதைச் செஞ்சேன். இதுக்கு மேல ஒரு தங்கச்சி என்னக்கா செய்ய முடியும்?

என்ன கேட்டீங்க?

ஓ, அதுவா. ஆமா, மாத்துக் கிட்னி வெக்கலாம். வெச்சா இந்த மிஷின், ஞாயித்துக்கிழமை, பெட்டி, எதுவும் வேணாம். மனுசன் பாட்டுக்கு ஏலக்காய்க் கடைக்குப் போலாம். டாக்டரும் பொங்கலுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு, கூடப் பொறந்தவங்க யாராவது குடுத்தா நல்லாச் சேரும்னு. மதினிக்குச் சக்கரை இருக்கு, அவங்க குடுக்க முடியாது. கூடப் பொறந்தது நான் ஒருத்திதான். ரத்த குரூப்பும் ஒண்ணுதான், சின்ன வயசுலயே தெரியும்.

ஆனா என்கிட்ட யாரும் கேக்கலையேக்கா.

நிஜமா. பொங்கலுக்குப் போயிருந்தப்ப டாக்டர் சொன்னதை மதினி சொல்லிட்டு, என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான் காபி போட எந்திரிச்சுப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப வேற பேச்சுப் பேசிட்டிருந்தாங்க. அப்புறம் எத்தனையோ தடவை போன் பண்ணியிருக்காங்க. "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் தமயந்தி"ன்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அப்பத்தான் ஏதாவது வேலை வந்துரும். எங்க வேலை அப்படி. கேக்கணும்னு நினைக்கறவங்க எப்படியும் கேட்டிருக்கணும்ல? அண்ணனும் ஒரு வார்த்தை கேக்கல. அவரு எதையும் கேக்க மாட்டாரு. எங்க வீட்டுக்காரரு எதுக்குமே தடை சொல்ற ஆளு இல்ல. அவருகிட்ட இதைப் பத்திப் பேசவே இல்ல. எதுக்கு? ஒருத்தரும் கேக்காத கேள்விக்கு நானா முந்திக்கிட்டு என்னன்னு பதில் சொல்றது?

அதை விடுங்க. எனக்கு இப்ப அவரு பொழைச்சாப் போதும்.

கணவாய் தாண்டியாச்சா? அப்பாடா. அந்தா ஆண்டிபட்டி தெரியுது. உங்க எடம் வந்துருச்சு. இந்தாங்க பை. இருங்க, வண்டி ஸ்டாண்டுக்குள்ள போகட்டும், இப்பவே எந்திரிச்சா விழுந்துருவீங்க.

போன் அடிக்குது. மதினிதான். ஐயோ. ஐயோ, இந்தாங்கக்கா, பிடிங்க. எடுக்கணுமா? நீங்க எடுத்து என்னன்னு மட்டும்... வேணாம், வேணாம், குடுங்க, நானே எடுக்கறேன்.

சொல்லுங்க மதினி. ...என்னது? கண்ணு முழிச்சிட்டாரா? பேசறாரா? முருகா! என்ன சொன்னாரு? ...அவரு அமுக்கல மதினி. நான் சொல்றேன்ல, அவரு இல்லைன்னு அமுக்கல. அது ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு. ...ஆமா, நான்தான் கண்டுபிடிச்சேன். காலைலயே சரி பண்ணிட்டேன். ...அழாதீங்க மதினி. அவருகிட்டப் போயி மன்னிப்புக் கேளுங்க, அவ்வளவுதான். ...ஐயையோ, என்னை எதுக்குச் சாமிங்கறீங்க, அதெல்லாம் சொல்லாதீங்க. ...ம். ...டாக்டரா? இனி மிஷினை மட்டும் நம்பி இருக்க முடியாதுங்கறாரா? ...ம். ...என்ன கேக்கணும்? ...இல்ல மதினி. இல்ல, இல்ல, பஸ் கணவாய்ல ஏறுது, விட்டு விட்டுக் கேக்குது. நேர்ல வந்து பேசிக்கலாம். வெச்சுடறேன்.

முழிச்சிட்டாராம்க்கா! பேசறாராம்! நீங்க நல்லா இருக்கணும், உங்ககிட்டச் சொன்ன நேரம்.

எறங்குங்க, எறங்குங்க, படி பாத்து. ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க? நீங்களும்தான் பக்கத்துல இருந்து கேட்டீங்களே. இப்பவும் அவங்க கேக்கல. கேட்டா நான் என்ன, இல்லைன்னா சொல்லப் போறேன்?